ஐம்பது பேர் தங்கிய வீடு

2018-ஆம் வருஷம் நவம்பர் 15-ஆம் தேதி ராத்திரி நான் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் என் அத்தை வீட்டில் இருந்தேன். கஜா என்று பெயர் வைத்திருந்த புயல் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தது. மாலையிலிருந்தே ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று தெருத் தெருவாகச் சுற்றி, எல்லோரும் பள்ளிக்கூடக் கட்டடத்துக்கு வந்துவிடும்படி கூவிக்கொண்டு போயிற்று. அத்தை அதைக் காதில் போட்டுக்கொண்டதாகவே தெரியவில்லை. அவள் பாட்டுக்குக் காரியமாக இருந்தாள். அண்டா, குடம், தவலை எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து மூடினாள். தீப்பெட்டியையும் மெழுகுவர்த்தியையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். ரேஷன் கார்டு, வீட்டுப் பத்திரம், நாலு பவுன் சங்கிலி மூன்றும் அவள் மடிக்கு வந்து சேர்ந்தன. கடைசியில் கொல்லைக்குப் போய் மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்தாள். கட்டிப் போட்டிருந்தால் கொட்டகை விழுந்து செத்துப்போகும். அவிழ்த்துவிட்டால் எங்கேயாவது ஒதுங்கிப் பிழைத்துக்கொள்ளும் என்பது அவள் கணக்கு.

“அத்தை, நாமும் பள்ளிக்கூடத்துக்குப் போயிடலாமே” என்றேன்.

“உங்க மாமா இந்த வீட்டுக்கு அஸ்திவாரம் எத்தனை ஆழம் தோண்டினார்னு உனக்குத் தெரியாது. பேசாம படுடா” என்றாள்.

வீடு நின்றது. விடிந்து கதவைத் திறந்தபோது தோப்பில் பெயருக்கு ஒரு தென்னை நிற்கவில்லை. எல்லாம் ஒரே திசையில் தலைசாய்த்துப் படுத்திருந்தன. மாடுகள் இரண்டும் மத்தியானத்துக்குள் தாமாகவே வந்து சேர்ந்தன. அத்தை ஜெயித்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளோடு விவாதம் செய்ய எனக்கு யோக்கியதை ஏது?

ஆனாலும் மாமாவின் அஸ்திவாரத்தில் அவள் வைத்திருந்த அந்த நம்பிக்கையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வேறொரு வீடு ஞாபகத்துக்கு வந்துவிடும். அதுவும் கடற்கரைக்குச் சமீபத்தில் இருந்த வீடுதான். அந்த வீட்டுக்காரரும் வீட்டை நம்பினார். அவர் சாமான்யப்பட்டவர் அல்ல. புயலைப் படித்தவர், புயல் வந்தால் சொல்வதற்கென்றே சர்க்கார் சம்பளம் கொடுத்து வைத்திருந்த மனிதர். அவருடைய பெயர் ஐசக் கிளைன். ஊர், அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணத்துக் கால்வெஸ்டன். வருஷம் 1900.

கால்வெஸ்டன் ஒரு தீவு. சுமார் 30 மைல் நீளம்; அகலம் அதிகம் போனால் மூன்று மைல். ஒரு பக்கம் மெக்சிகோ வளைகுடா, மறு பக்கம் உள்விரிகுடா, நடுவே ஒரு மணல் திட்டு, அவ்வளவுதான். அந்த மணல் திட்டின் மேல் சுமார் 38,000 ஜனங்கள் வாழ்ந்தார்கள். பருத்தி ஏற்றுமதியில் கொழித்த துறைமுகம். தனவந்தர்களின் மாளிகைகள், நாடகக் கொட்டகை, கடலுக்குள்ளேயே கால் நாட்டிக் கட்டிய ஸ்நான மண்டபங்கள் எல்லாம் உண்டு. நகரத்திலேயே மிக உயரமான இடம் கடல் மட்டத்திலிருந்து 9 அடிகூட இல்லை என்பதை மட்டும் யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

நினைப்பதற்குச் சந்தர்ப்பம் வராமலும் இல்லை. அதே கரையில் தென்மேற்கே இண்டியனோலா என்று ஒரு துறைமுகம் இருந்தது. 1875-ல் ஒரு புயல் அதைச் சீரழித்தது. மிஞ்சியவர்கள் மறுபடியும் கட்டினார்கள். 1886-ல் இன்னொரு புயல் வந்தது. இந்தத் தடவை மிஞ்சியவர்கள் ஊரையே கைவிட்டுப் போய்விட்டார்கள். அதைப் பார்த்துக் கால்வெஸ்டன் பிரமுகர்களுக்கும் கொஞ்சம் உதறல் எடுத்தது. கடலோரம் ஒரு சுவர் எழுப்ப வேண்டும் என்று பேசினார்கள். பேச்சு சில மாதம் நடந்தது. பிறகு வானம் வெளுத்தது, வியாபாரம் சூடு பிடித்தது, சுவர் மறந்து போயிற்று.

இந்த மறதிக்குச் சாஸ்திரத்தின் முத்திரையைக் குத்திக் கொடுத்தவர் ஐசக் கிளைன். 1889-ல் அந்த ஊர் வானிலைக் காரியாலயத்துக்குத் தலைவராக வந்தவர், வைத்தியப் படிப்பும் படித்துப் பட்டம் பெற்றவர், கடின உழைப்பாளி. 1891-ல் உள்ளூர்ப் பத்திரிகையில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். புயல்கள் சாதாரணமாக டெக்சாஸ் கரைக்கு வருவதில்லை. வந்தாலும் கரையோரக் கடல் ஆழமில்லாமல் மெல்லச் சரிந்து போவதால் அலைகள் வழியிலேயே வலுவிழந்துவிடும். ஆகவே கால்வெஸ்டனுக்குப் பெரிய ஆபத்து வரும் என்று பயப்படுவது வெறும் மனப்பிராந்தி. கட்டுரையின் சாராம்சம் இதுதான்.

உண்மை இதற்கு நேர்மாறானது. ஆழமான கடலில் புயல் தள்ளும் நீர் கீழே இறங்கித் திரும்பிப் போக இடமிருக்கிறது. ஆழமில்லாத சரிவில் அதற்குப் போக்கிடம் இல்லை. பின்னாலிருந்து காற்று தள்ளத் தள்ள, முன்னால் தரை தடுக்கத் தடுக்க, நீர் மேலே எழும்புவதைத் தவிர வேறு வழி கிடையாது. எந்தச் சரிவை அவர் அரண் என்று சொன்னாரோ, அதுதான் கடல் ஏறி வரும் படிக்கட்டு.

இந்த இடத்தில் நம் தேசத்துச் சங்கதி ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இங்கிலீஷில் சைக்ளோன் என்று சொல்கிறார்களே, அந்த வார்த்தையே கல்கத்தாவில் பிறந்ததுதான். ஹென்றி பிடிங்டன் என்ற வெள்ளைக்காரர், பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அதை உண்டாக்கி, 1848-ல் தம் புத்தகத்தில் உலகத்துக்குக் கொடுத்தார். 1853-ல் அவர் கவர்னர் ஜெனரலுக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். கல்கத்தாவுக்குத் தெற்கே மாத்லா நதிக்கரையில் புதுத் துறைமுகம் கட்டாதீர்கள், ஒருநாள் புயலும் கடலும் சேர்ந்து அதை வாரிக்கொண்டு போகும் என்றார். சிரித்தார்கள், கட்டினார்கள். பிடிங்டன் 1858-ல் காலமானார். 1867-ல் புயலும் வெள்ளமுமாக வந்து அந்தத் துறைமுகத்தைத் தீர்த்துக்கட்டின. அபாயம் உண்டு என்று சொன்ன பிடிங்டனை ஒருவரும் கேட்கவில்லை. அபாயம் இல்லை என்று சொன்ன கிளைனை ஒரு நகரமே கேட்டது!

1900 செப்டம்பர் முதல் வாரத்தில் கியூபாவின் மேல் ஒரு புயல் கடந்து போயிற்று. கியூபா அப்போது அமெரிக்க ராணுவத்தின் ஆட்சியில் இருந்தது. ஹவானா நகரில் பெலன் என்ற ஏசு சபைக் கல்லூரியில் ஒரு வானிலைக் கூடம். பெனிட்டோ வின்யெஸ் என்ற பாதிரியார் 1870 முதல் 1893-ல் இறக்கும் வரை அங்கே இருந்து, மேகம் ஓடும் திசையைக் கொண்டே புயலின் போக்கைச் சொல்லும் வித்தையை வளர்த்திருந்தார். அவருடைய வழிவந்தவர்கள் இந்தப் புயல் மேற்கே வளைகுடாவுக்குள் போகும் என்று கண்டுகொண்டார்கள். வாஷிங்டன் உத்தியோகஸ்தர்களோ அது வடக்கே திரும்பி ஃபிளாரிடா வழியாகப் போய்விடும் என்று சாதித்தார்கள். அதோடு நின்றார்களா? வானிலை இலாகாவின் தலைவர் வில்லிஸ் மூர், கியூபாக்காரர்களின் புயல் செய்திகள் தந்தியில் போகாதபடி ஆகஸ்டு மாதக் கடைசியிலேயே தடை வாங்கி வைத்திருந்தார். அவர்கள் வீணாகப் பீதி கிளப்புகிறார்களாம். தெரிந்தவன் வாயைக் கட்டிவிட்டுத் தெரியாதவன் உட்கார்ந்து ஜோசியம் சொன்ன கதை இது.

செப்டம்பர் 8, சனிக்கிழமை. பொழுது விடியுமுன்பே ஐசக் கடற்கரைக்குப் போனார். வடக்கேயிருந்து, அதாவது கரையிலிருந்து கடலை நோக்கிக் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது. நியாயப்படி அது கடலைப் பின்னுக்குத் தள்ள வேண்டும். ஆனால் காற்றை எதிர்த்துக்கொண்டு கடல் ஏறிக்கொண்டிருந்தது. அப்படி ஒன்றைத் தாம் அதற்கு முன் பார்த்ததேயில்லை என்று அவரே பிறகு எழுதியிருக்கிறார். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு அலைகளுக்கு இடையே எத்தனை நிமிஷம் என்று கணக்கெடுத்தார். வாஷிங்டனுக்குத் தந்தி கொடுத்தார்.

ஊர் ஜனங்கள் அன்று காலையில் என்ன செய்தார்கள் தெரியுமோ? வேடிக்கை பார்க்கப் போனார்கள். ஸ்நான மண்டபங்களின் மேல் அலை மோதிச் சிதறுவதைப் பார்க்கக் கடற்கரையில் ஒரே கூட்டம். கணுக்கால் அளவுத் தண்ணீர் தெருவில் ஓடியது. குழந்தைகள் அதில் குதித்துக் கும்மாளமிட்டார்கள். சின்னச் சின்ன வெள்ளம் அந்த ஊருக்குப் புதிதல்ல. அதற்காகத்தானே வீடுகளைச் செங்கல் தூண்களின் மேலும் மரக்கால்களின் மேலும் தூக்கிக் கட்டியிருந்தார்கள்!

பிற்பகலில்தான் ஆயத்தம் ஆரம்பமாயிற்று. ஜன்னல்களின் வெளிப்பக்க மரக்கதவுகளை இழுத்துச் சாத்தித் தாழிட்டார்கள். மாவு மூட்டையையும் படுக்கைகளையும் மாடிக்கு ஏற்றினார்கள். இதற்கெல்லாம் மேலே அவர்களிடம் ஓர் உபாயம் இருந்தது. அதைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் உட்கார்ந்திருந்தேன். கோடரியை எடுத்து, தங்கள் சொந்தக் கூடத்தின் தரைப்பலகையைத் தாங்களே வெட்டித் துளை போட்டார்கள். ஏன் என்றால், மரவீடு. அடியில் நீர் புகுந்தால் படகு மாதிரி தூக்கிக் கிளப்பிவிடும். துளை வழியாக நீரை உள்ளே விட்டுவிட்டால் அந்தப் பாரத்தில் வீடு இருந்த இடத்திலேயே இருக்கும். மெழுகிட்டுப் பளபளவென்று துடைத்து வைத்த தரை; மனைவி பார்த்துக்கொண்டு நிற்க, அதன்மேல் கோடரியை ஓங்கும் அந்தக் குடும்பத் தலைவனை நினைத்துப் பாருங்கள். வீட்டைக் காப்பாற்ற வீட்டை வெட்டுகிறான்.

சில முன்னேற்பாடுகள் யமனாகவே வந்தன. 1885-ல் அந்த ஊரில் ஒரு பெரிய தீ விபத்து நடந்திருந்தது. அதற்குப் பிறகு கூரைக்கு மரச்சில்லு போடக்கூடாது, கற்பலகைதான் போட வேண்டும் என்று விதி செய்திருந்தார்கள். தீக்கு அது சரியான மருந்துதான். ஆனால் அன்று சாயங்காலம் காற்று அந்தக் கற்பலகைகளைப் பெயர்த்து வீசியபோது, ஒவ்வொன்றும் ஒரு வீச்சரிவாளாகத் தெருவில் பறந்தது. வீட்டை விட்டு வெளியே வந்தவர்களில் எத்தனையோ பேர் நீரில் மூழ்கிச் சாகவில்லை. கூரை வெட்டிச் செத்தார்கள்.

ஐசக் கிளைன் மாலை ஐந்தரை மணி சுமாருக்கு இடுப்பளவு நீரில் நடந்து வீட்டுக்கு வந்தார். கடற்கரையிலிருந்து மூன்று நான்கு தெரு தள்ளி, மாடி வைத்த உறுதியான வீடு. அக்கம்பக்கத்தில் அதைவிடப் பலமான வீடு இல்லை என்பது தெருவாரின் எண்ணம். ஐசக்கின் எண்ணமும் அதுதான். ஆகவே தெருவிலுள்ளவர்கள் குழந்தை குட்டிகளோடு அங்கே வந்து ஏறினார்கள். அவரும் நீரில் இறங்கிப் பலரை அழைத்து வந்தார். சுமார் ஐம்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். மாடியில் அவருடைய மனைவி கோரா உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தாள், கர்ப்பிணி. பெண் குழந்தைகள் மூவர்.

ஆறரை மணிக்குத் தம்பி ஜோசப் வந்து சேர்ந்தார். அவரும் அதே காரியாலயத்தில் உத்தியோகம் பார்ப்பவர். அண்ணன் வீட்டிலேயே வாசம். கடைசிச் செய்தியை ஹூஸ்டனுக்கு டெலிபோனில் சொல்லிவிட்டு, கம்பிகளெல்லாம் அறுந்து போன பிறகு, கழுத்தளவு நீரில் வந்திருந்தார். காற்றை அளக்கும் கருவி மணிக்கு 100 மைல் காட்டிவிட்டுக் கூரையோடு போய்விட்டது. பாரமானி இறங்கிக்கொண்டே இருந்தது. ஜோசப் வந்ததும் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: இங்கே இருக்கக் கூடாது, எல்லோரும் நகரத்தின் நடுப்பகுதிக்குப் போய்விட வேண்டும்.

அண்ணன் மறுத்தார். ஐசக் பிறகு சர்க்காருக்கு எழுதிய அறிக்கையைப் பார்த்தால், அவர் மறுத்ததில் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த நேரத்தில் தெருவில் கூரைகளும் உத்தரங்களும் காகிதம்போலப் பறந்துகொண்டிருந்தன. வெளியே இறங்குவது தற்கொலைக்குச் சமானம் என்கிறார். படுக்கையில் கிடக்கும் கர்ப்பிணியையும் மூன்று குழந்தைகளையும் வைத்துக்கொண்டு எங்கே போவது? ஜோசப்போ தம் புத்தகத்தில் இதை நீண்ட வாக்குவாதமாகவே எழுதியிருக்கிறார். வீட்டில் அண்ணனுக்கு அசைக்க முடியாத நம்பிக்கை இருந்தது என்கிறார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். ஆறரை மணிக்குப் போவது பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் மத்தியானம் ஒரு மணிக்கு? அந்தக் கேள்வியை இரண்டு பேருமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் 1891-ல் எழுதிய கட்டுரை வரைக்கும் போக வேண்டியிருக்கும்.

ஏழரை மணிக்கு ஐசக் வாசற்கதவைச் சற்றுத் திறந்து வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குள் அப்போது எட்டு அங்குல நீர். கண் இமைப்பதற்குள், அவர் நின்ற இடத்தைவிட்டு அசைவதற்குள், நீர் 4 அடி உயர்ந்து இடுப்புக்கு மேல் வந்துவிட்டது. நான்கு நொடியில் நான்கு அடி என்று எழுதியிருக்கிறார். அந்த நிலைமையிலும் மனிதர் கணக்குப் போட்டார்: வீடு இருந்த தரை கடல் மட்டத்துக்கு மேல் 5.2 அடி, அதன் மேல் நீர் 10 அடி. ஆகக் கடல் ஏறியது 15.2 அடி. அதற்குப் பிறகும் அது ஏறிற்று.

வீடு காற்றுக்கு விழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அலைக்கும் அது நேராக விழவில்லை. கடலோரத்து வீடுகள் ஒவ்வொன்றாக உடைந்து, அந்தச் சட்டங்களும் சுவர்களும் மிதந்து வந்து அடுத்த வரிசை வீடுகளை இடித்தன. அவை உடைந்து அதற்கடுத்த வரிசையை இடித்தன. கடைசியில் கடலோரமாகப் போட்டிருந்த டிராம் பாதையின் நீண்ட மரப்பாலமொன்று தண்டவாளத்தோடு மிதந்து வந்து, அலைக்கு அலை ஐசக்கின் வீட்டை முட்டியது. எட்டரை மணிக்கு வீடு சாய்ந்தது. ஊரார் நம்பிய கெட்டியான வீடு, ஊரார் வீடுகளின் உடைசல்களாலேயே உடைந்தது.

சாயும்போது ஜோசப் இரண்டு பெண் குழந்தைகளின் கையையும் பிடித்துக்கொண்டு முதுகால் ஜன்னலை உடைத்து வெளியே விழுந்தார். ஐசக்கும் கோராவும் கடைசிக் குழந்தையும் நீருக்குள் அமுங்கினார்கள். ஐசக்குக்கு நினைவு தப்பிவிட்டது. கட்டைகளுக்கு நடுவே நசுங்கி மறுபடி நினைவு வந்தபோது, கடைசிக் குழந்தை அவர் பிடியில் இருந்தது. கோரா மேலே வரவில்லை. உடைந்த மரங்களின் மேல் தொற்றிக்கொண்டு அவர்கள் மூன்று மணி நேரம் மிதந்தார்கள். வழியில் இன்னொரு பெண்ணையும் குழந்தையையும் தூக்கி ஏற்றிக்கொண்டார்கள். ஜோசப் வளர்த்த நாய் எங்கிருந்தோ நீந்தி வந்து ஏறி, ஒவ்வொருவரையும் முகர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி இருட்டில் குதித்துவிட்டது என்று அவர் எழுதியிருக்கிறார். காற்று கடலுக்குள் கொண்டு போயிற்று. பிறகு திசை மாறித் திரும்பக் கொண்டு வந்தது. கடைசியில் அவர்கள் கரை சேர்ந்த இடம், வீடு இருந்த இடத்திலிருந்து 300 கஜம். அந்த வீட்டிலிருந்த ஐம்பது பேரில் பிழைத்தவர்கள் பதினெட்டுப் பேர்.

கோராவின் உடல் மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 30-ஆம் தேதி அகப்பட்டது. மோதிரத்தைக் கொண்டு அடையாளம் கண்டார்கள். எந்த உடைசல் குவியலின் மேல் புருஷனும் குழந்தைகளும் மிதந்து பிழைத்தார்களோ, அதன் அடியிலேயே அவள் இருந்தாள்.

அன்று ராத்திரி வீட்டை ஆயத்தம் செய்த மற்றவர்களின் கதையையும் கொஞ்சம் சொல்லவேண்டும். கடற்கரை மணலிலேயே ஓர் அநாதை ஆசிரமம் இருந்தது. பத்துக் கன்னியாஸ்திரீகள், தொண்ணூற்று மூன்று குழந்தைகள். நீர் ஏற ஏறக் குழந்தைகளை மாடிக்குக் கொண்டு போய்ப் பாட்டுப் பாடச் சொன்னார்கள். வேலையாள் ஒருவன் துணி உலர்த்தும் கயிறுகளைச் சேகரித்துக் கொண்டு வந்தான். கன்னியாஸ்திரீகள் ஒவ்வொருவரும் ஆறேழு குழந்தைகளைக் கயிற்றால் பிணைத்துத் தம் இடுப்போடு கட்டிக்கொண்டார்கள். கூட்டத்தில் ஒன்றும் தவறிப் போகக் கூடாதே என்ற தாய் மனம். கட்டடம் விழுந்தது. கட்டாமல் விட்டிருந்த பெரிய பையன்கள் மூன்று பேர் மட்டும் ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு பிழைத்தார்கள். மற்றவர்களில் சிலரைக் கயிற்றோடேயே கண்டெடுத்தார்கள். என் அத்தை மாட்டை அவிழ்த்துவிட்டதை நினைக்கும்போது இதுவும் நினைவுக்கு வருகிறது. ஆனால் இரண்டையும் ஒப்பிட எனக்கு வாய் வரவில்லை. குழந்தையை அவிழ்த்துவிட யாரால் முடியும்?

உர்சுலைன் சபையின் கன்னி மடம் செங்கல் கட்டடம். அங்கே ஆயிரம் பேர் அடைக்கலம் புகுந்தார்கள். அந்த ராத்திரியில் அங்கே நான்கு குழந்தைகள் பிறந்தன. எதிர்க்கரையில் பொலிவர் முனைக் கலங்கரை விளக்கத்தின் சுழல் படிகளில் சுமார் 125 பேர் ஒருவர் தோள்மேல் ஒருவராக நின்று விடியவைத்தார்கள். அவர்களில் பத்துப் பேர் ரயில் பிரயாணிகள். 95 பேரோடு வந்த ஒரு ரயில் அந்த முனையில் நீரில் அகப்பட்டு நின்றுவிட்டது. பத்துப் பேர் இறங்கி, நீரில் தடுமாறி நடந்து விளக்குக்குப் போனார்கள். மற்ற 85 பேரும் பெட்டிக்குள் இருப்பதே பத்திரம் என்று உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் மிஞ்சவில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடிக்குப் போன பாசஞ்சர் ரயிலை அறிந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை.

செத்தவர்கள் 6,000 என்பார்கள், 12,000 என்பார்கள்; 8,000 என்பது பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் கணக்கு. அமெரிக்க தேசத்தில் இயற்கை உத்பாதம் ஒன்றில் அத்தனை பேர் மாண்டது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. புதைக்க இடமில்லாமல் சுமார் 700 உடல்களைப் படகில் ஏற்றிக் கடலில் கொண்டு போய்ப் போட்டார்கள். கடல் அவற்றைத் திருப்பிக் கொண்டு வந்து கரையில் போட்டது. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் எரித்தார்கள். அந்த வேலைக்குக் கறுப்பு ஜனங்களைத் துப்பாக்கி முனையில் இழுத்து வந்து, சாராயம் கொடுத்துச் செய்ய வைத்தார்கள் என்பதையும் சரித்திரம் குறித்து வைத்திருக்கிறது.

இதற்குப் பிறகு அந்த ஊர்க்காரர்கள் செய்த காரியம்தான் ஆச்சரியம். இண்டியனோலாக்காரர்களைப்போல அவர்கள் ஊரைக் கைவிடவில்லை, சுவர் கட்டினார்கள். 1902-ல் ஆரம்பித்து 1904-ல் முடித்தார்கள். 17 அடி உயரம், மூன்று மைலுக்குச் சற்று அதிகமான நீளம். திட்டம் போட்டுக் கொடுத்த மூன்று எஞ்சினீயர்களில் ஒருவர் ஹென்றி ராபர்ட். சபைகளில் கூட்டம் நடத்துவது எப்படி என்று விதி எழுதிப் புகழ்பெற்றாரே, அவரேதான். சுவர் மட்டும் போதாது என்று தோன்றிற்று. நகரத்தையே உயர்த்திவிடுவது என்று தீர்மானித்தார்கள்!

வீடுகளை, கோயில்களை, கடைகளை, குழாய்களை, டிராம் பாதையை, எல்லாவற்றையும் திருகு ஜாக்கிகளை முட்டுக் கொடுத்து அங்குலம் அங்குலமாகத் தூக்கினார்கள். 2,000-க்கு மேற்பட்ட கட்டடங்கள். 3,000 டன் எடையுள்ள ஒரு மாதா கோயிலை 700 ஜாக்கிகள் வைத்து 5 அடி உயர்த்தினார்கள். உயர்ந்த வீடுகளின் அடியில், கடலிலிருந்து மணலும் நீருமாகக் கரைத்துக் குழாயில் கொண்டு வந்து பாய்ச்சினார்கள். நீர் வடிந்தால் மணல் தங்கும். 1911 வரைக்கும் இந்த வேலை நடந்தது. அத்தனை வருஷமும் ஊர் ஜனங்கள் தெருவில் நடக்கவில்லை. வீட்டுக்கு வீடு பலகைப் பாலம் போட்டுக்கொண்டு அதன்மேல் நடந்தார்கள். கல்யாணத்துக்கும் கடைக்கும் கோயிலுக்கும் பலகை மேல்தான். கீழே கரும்சேறு; மரம் செடியெல்லாம் பட்டுப்போயின. வீட்டைத் தூக்கும் செலவு வீட்டுக்காரன் தலையில். முடியாதவர்கள் தரைத்தளம் மண்ணுக்குள் போக விட்டுவிட்டு மாடியில் குடித்தனம் செய்தார்கள். ஒரு கட்டுரைக்கு எதிர்வாதமாக ஒரு நகரம் பத்து அடி எழுந்து நின்றது என்று நான் வேடிக்கையாக நினைத்துக்கொள்வதுண்டு. 1915 ஆகஸ்டில் 1900-ஐப் போன்றே ஒரு புயல் வந்தது. சுவருக்குப் பின்னால் இருந்த நகரத்துக்குள் மாண்டவர்கள் பத்துப் பேர் அளவுதான்.

ஐசக் கிளைனை 1901-ல் நியூ ஆர்லியன்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். கால்வெஸ்டனில் அன்று வண்டியோட்டிக்கொண்டு கடற்கரை நெடுகப் போய் ஆயிரக்கணக்கானவர்களை எச்சரித்ததாக அவர் சொல்லிக்கொண்டார்; அப்படி எச்சரித்ததைக் கண்டவர்கள் எங்கே என்று பிற்கால ஆராய்ச்சியாளர்கள் கேட்கிறார்கள். எனக்கு அந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல விருப்பமில்லை. அவர் அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. காற்றை விட்டுவிட்டு அவர் கடலைப் படிக்கத் தொடங்கினார். புயலில் ஆளைக் கொல்வது காற்றல்ல, ஏறி வரும் நீர்தான் என்பதற்காக ஆயுள் முழுவதும் கணக்குச் சேர்த்து, 1926-ல் பெரிய நூலாக வெளியிட்டார். 1915 செப்டம்பரில் லூசியானாவை ஒரு புயல் தாக்க வந்தபோது, தாழ்ந்த கரைகளில் இருப்பவர்கள் வீட்டை விட்டு உடனே வெளியேற வேண்டும் என்று ஓயாமல் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தார். பதினைந்து வருஷத்துக்கு முந்திய ஜோசப்பின் வார்த்தை அது. 1935-ல் ஓய்வு பெற்றுப் பழைய சித்திரங்களும் கலைப்பொருள்களும் விற்கும் கடை ஒன்று வைத்தார். 1945-ல் தம் வாழ்க்கையை எழுதினார். அடுத்த வருஷம் தம்பி தம்முடையதை எழுதினார். 1955 ஆகஸ்டில் ஒருவர் பின் ஒருவராக இருவரும் காலமானார்கள்.

போன வருஷம் அத்தை வீட்டுக்குப் போயிருந்தபோது திண்ணையில் உட்கார்ந்து இந்தக் கதையை அவளுக்குச் சொன்னேன். எதிரே புதிதாக வைத்த தென்னங்கன்றுகள் ஆளுயரம் வந்திருந்தன. கடைசிவரை வாய் திறக்காமல் கேட்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று இப்போதாவது ஒப்புக்கொள்வாள் என்று காத்திருந்தேன்.

“அந்தத் தம்பி அப்புறம் அண்ணன்கிட்டே இதைப் பத்திக் கேட்டானா?” என்றாள்.

“ரெண்டு பேரும் தனித்தனியா புஸ்தகம் எழுதியிருக்காங்க, அத்தை.”

“அதைக் கேட்கலைடா நான்” என்று சொல்லிவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட எழுந்து போனாள்.